பாட்டி பெயரில் ஓர் எண்ணெய்ப் பங்கு: கிணற்றுக் கணக்கை வாரிசுகள் படிப்பது எப்படி?

டெக்சாஸில் நிலம் வைத்திருந்து, பிறகு வேலை, படிப்பு என்று வேறு மாநிலங்களுக்குச் சிதறிப்போன குடும்பங்களுக்கு அவ்வப்போது ஒரு கடிதம் வருகிறது. அனுப்பியது முன்பின் கேள்விப்படாத நிறுவனம். "இந்தக் கவுன்ட்டியில் உங்கள் முன்னோருக்கு இருந்த கனிம உரிமையை நாங்கள் வாங்கிக்கொள்கிறோம். விலை இவ்வளவு. இணைத்துள்ள பத்திரத்தில் கையெழுத்திட்டு அனுப்புங்கள்." கவுன்ட்டி என்பது மாநிலத்தின் உட்பிரிவு, நம் ஊர் மாவட்டம் போன்றது. அப்படி ஓர் உரிமை இருந்ததே பேரப்பிள்ளைகளுக்கு அப்போதுதான் தெரியவருகிறது. அங்கே கிணறு இருக்கிறதா, அது ஓடுகிறதா, இதுவரை வந்த பணம் எங்கே போனது என்று ஒன்றும் தெரியாது.

கடிதம் அனுப்பியவருக்கு இதில் பெரும்பகுதி தெரியும். அரசு பொதுவில் வைத்திருக்கும் பதிவுகளை அவர் படித்துவிட்டார், வாரிசு இன்னும் படிக்கவில்லை. இருவருக்கும் உள்ள வித்தியாசம் அவ்வளவே. அந்தப் பதிவுகள் எல்லோருக்கும் திறந்தவை, பெரும்பாலானவற்றுக்குக் கட்டணமும் இல்லை.

ஆனால் படிக்க ஒரு வரிசை உண்டு. அரசின் உற்பத்திக் கணக்கு, மண்ணுக்கு அடியிலிருந்து எவ்வளவு எடுத்தார்கள் என்பதை மட்டும் சொல்லும். அதில் யாருக்கு எவ்வளவு என்று ஒரு வரிகூட இருக்காது. ஆகவே பெயரிலிருந்து நிலம், நிலத்திலிருந்து குத்தகை எண் (எண்ணெய் எடுக்க நிறுவனத்துக்கு விட்ட கனிமக் குத்தகையை அரசு பதியும் எண்), குத்தகை எண்ணிலிருந்து உற்பத்தி, உற்பத்தியிலிருந்து பங்கு விகிதம் என்று ஒவ்வொரு படியாகப் போக வேண்டும். ஒரு படியைத் தாண்டிக் குதித்தால் பக்கத்து நிலத்தின் கிணற்றைப் பார்த்து மனக்கோட்டை கட்டிக்கொண்டிருப்போம்.

## நிலம் ஒருவருக்கு, அடியில் இருப்பது இன்னொருவருக்கு

காவிரிப் படுகையில் ஓஎன்ஜிசி கிணறு தோண்டினால், மேல்நிலத்தைப் பயன்படுத்துவதற்கான தொகை நிலத்துக்காரருக்குக் கிடைக்கும். வெளியே வரும் எண்ணெய்க்கான ராயல்டி மாநில அரசுக்குப் போகும். அமெரிக்காவில் அப்படி இல்லை. அங்கே தனியார் நிலத்தின் அடியில் உள்ள எண்ணெயும் எரிவாயுவும் தனியார் சொத்தாக இருக்க முடியும். அதை மேல்நிலத்திலிருந்து பிரித்துத் தனியாக விற்கலாம், உயில் எழுதலாம், பாகம் பிரிக்கலாம்.

ஒரு விவசாயி 1930-களில் பண்ணையை விற்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பத்திரத்தில் "கனிமங்களில் பாதியை எனக்கே வைத்துக்கொள்கிறேன்" என்று ஒரு வரி சேர்க்கிறார். அன்றிலிருந்து அது இரண்டு சொத்து. பண்ணை கைமாறிக் கைமாறி இன்று வீட்டுமனைகளாகியிருக்கலாம். அந்தப் பாதிக் கனிமம் மட்டும் விவசாயியின் பிள்ளைகள், பேரர்கள், கொள்ளுப்பேரர்கள் என்று துண்டுபட்டுக்கொண்டே வரும். ஹூஸ்டன், டல்லாஸ் புறநகர்களில் வீடு வாங்கும் நம்மவர்கள் பத்திரத்தைப் படிக்கும்போது, கனிமம் தங்களுக்கு வரவில்லை, எப்போதோ யாரோ எடுத்துவைத்துக்கொண்டார் என்று காண்பதற்கும் இதுவே காரணம்.

பயன்படுத்தாமல் விட்டதால் மட்டும் டெக்சாஸில் கனிம உரிமை காலாவதி ஆவதில்லை. இதை எல்லா மாநிலத்துக்கும் பொருத்திவிடக் கூடாது. லூசியானாவில் பிரித்தெடுத்த கனிம உரிமையை 10 ஆண்டு பயன்படுத்தாமல் விட்டால் அது அற்றுப்போய் மேல்நிலத்துக்காரரிடம் திரும்பும். ஒஹாயோ, வடக்கு டகோட்டா சட்டங்கள் 20 ஆண்டு அசையாமல் கிடந்த உரிமையை மேல்நிலத்துக்காரர் உரிய நடைமுறைப்படி கோருவதற்கு வழி வைத்திருக்கின்றன.

வாரிசுக்கு வந்திருப்பது எந்த வகை என்பது அடுத்த கேள்வி.

1. கனிம உரிமை. குத்தகைக்கு விடும் அதிகாரம், அப்போது கிடைக்கும் முன்பணம், பிறகு ராயல்டி ஆகிய மூன்றும் இதில் அடங்கும்.
2. ராயல்டி உரிமை மட்டும். குத்தகை பேசுவதில் இவருக்குக் குரல் இல்லை. எண்ணெய் வந்தால் பங்கு உண்டு.
3. மேல் ராயல்டி. குத்தகை எடுத்தவரின் பங்கிலிருந்து வெட்டிக் கொடுத்தது. அந்தக் குத்தகை செத்தால் இதுவும் சாகும்.
4. செயற்பாட்டுப் பங்கு. கிணற்றின் செலவையும் சுமக்க வேண்டியது. வருமானத்தோடு பில்லும் வரும். கடைசியில் கிணற்றை மூடும் செலவும் சேரும். இந்த வகை என்று தெரிந்தால் வழக்கறிஞரைப் பார்க்காமல் எதிலும் கையெழுத்திடக் கூடாது.

## ரயில் பெயர் கொண்ட எண்ணெய் ஆணையம்

டெக்சாஸ் உற்பத்திக் கணக்கைத் தேடுபவர் முதலில் குழம்புவது பெயரில். எண்ணெயையும் எரிவாயுவையும் கண்காணிக்கும் அமைப்பின் பெயர் டெக்சாஸ் ரயில்ரோடு ஆணையம். 1891-இல் ரயில் கட்டணங்களை முறைப்படுத்த அமைத்தார்கள். 1917-இல் எண்ணெய்க் குழாய்வழிகள் அதன் கீழ் வந்தன, 1919-இல் எண்ணெய் எரிவாயு உற்பத்தியும் சேர்ந்தது. இன்று ரயிலுக்கும் அதற்கும் தொடர்பில்லை, பெயர் மட்டும் நிலைத்துவிட்டது. சிலர் ரயில் பதிவு என்று எண்ணி இந்தத் தளத்தைக் கடந்து போய்விடுகிறார்கள்.

கிணற்றை இயக்கும் ஒவ்வொரு நிறுவனமும் ஆணையத்துக்கு மாதந்தோறும் உற்பத்தி அறிக்கை தர வேண்டும். பிஆர் படிவம் என்பது அதன் பெயர். ஒரு மாதத்தின் கணக்கை அடுத்த மாதக் கடைசி நாளுக்குள் தர வேண்டும். இந்த அறிக்கைகளே இணையத்தில் தேடக்கூடிய உற்பத்தித் தரவாக வருகின்றன. 1993 ஜனவரி முதல் உள்ள கணக்கு அதில் கிடைக்கிறது. அதற்கு முந்தியவற்றுக்கு ஆஸ்டினில் உள்ள ஆணையத்தின் பழைய காகிதங்களையும் நுண்படச் சுருள்களையும் நாட வேண்டும்.

உற்பத்தி அறிக்கையைத் தவிர வாரிசுக்குப் பயன்படும் படிவங்கள் சில உண்டு. டபிள்யூ-1 என்பது கிணறு தோண்ட அனுமதி கேட்கும் விண்ணப்பம். டபிள்யூ-2, ஜி-1 என்பவை முறையே எண்ணெய்க் கிணறும் எரிவாயுக் கிணறும் முடிக்கப்பட்டதற்கான அறிக்கைகள். குத்தகையை இயக்கும் நிறுவனம் மாறினால் பி-4 தாக்கலாகும். பல நிலங்களை ஒன்றாக இணைத்ததைக் காட்டுவது பி-12. கிணற்றை நிரந்தரமாக அடைத்துவிட்டால் டபிள்யூ-3.

## இரண்டு எண்கள், ஒரு பெரிய குழப்பம்

கிணற்றுக்கு ஓர் எண், குத்தகைக்கு வேறோர் எண். பெரும்பாலான தவறுகள் இந்த இரண்டையும் கலப்பதில் பிறக்கின்றன.

ஏபிஐ எண் என்பது கிணற்றின் அடையாளம். முதல் இரண்டு இலக்கம் மாநிலம். டெக்சாஸுக்கு 42, ஓக்லஹோமாவுக்கு 35. அடுத்த மூன்று கவுன்ட்டி. அதற்கடுத்த ஐந்து அந்தக் கிணற்றுக்கே உரியது. இந்தப் பத்து இலக்கம் போதும். பதினான்கு இலக்கம் வரை நீட்டி எழுதியிருந்தால், கடைசி நான்கும் அதே கிணற்றின் கிளைத்துளைகளையும் பின்னர் செய்த வேலைகளையும் குறிப்பவை.

உற்பத்தி பதிவாவது குத்தகை எண்ணின் கீழ். அந்த எண், ஆணையம் தன் வேலைக்காகப் பிரித்துவைத்த மாவட்டத்தோடு சேர்ந்தே பொருள் தரும். ஒரே எண் வேறு மாவட்டத்தில் வேறொரு குத்தகையைக் குறிக்கும் என்பதால், தேடும்போது மாவட்டத்தை விட்டுவிடக் கூடாது.

இனி வருவதுதான் பலரைத் தடுமாற வைப்பது. டெக்சாஸில் எரிவாயுக் கிணற்றுக்குக் கிணறு கிணறாகக் கணக்கு உண்டு. எண்ணெய்க்கு அப்படி இல்லை. ஒரு குத்தகையில் பன்னிரண்டு எண்ணெய்க் கிணறு இருந்தால், பன்னிரண்டின் மொத்தமே ஒரு வரியாக வரும். தனித்தனிக் கிணற்றின் உற்பத்தி என்று தனியார் தளங்கள் காட்டும் எண், அந்த மொத்தத்தை ஏதோ ஒரு கணக்கில் பகிர்ந்து பார்த்த மதிப்பீடு. எண்ணெயைப் பொறுத்தவரை அரசிடம் அப்படியொரு பதிவே கிடையாது.

புதுக் கிணறுகளில் இன்னொரு சிக்கல். முடிப்பு அறிக்கையை ஆணையம் ஏற்றுக் குத்தகை எண் தரும் வரை, உற்பத்தி தோண்டும் அனுமதி எண்ணின் கீழ் பதிவாகும். குத்தகை எண்ணை மட்டும் தேடியவர் "எதுவும் வரவில்லை" என்று முடிவு கட்டுவார். அனுமதி எண்ணைத் தேடினால் எண்ணெய் பாய்ந்துகொண்டிருக்கும்.

## பெயரிலிருந்து குத்தகை எண்ணுக்கு

ஆணையத்தின் உற்பத்தித் தேடலில் பாட்டியின் பெயரைப் போட்டால் ஒன்றும் வராது. அங்கே உரிமையாளர் பெயரே இல்லை. பெயரைப் பிடிக்க வேறு வாசல்கள் வேண்டும்.

1. கவுன்ட்டி மதிப்பீட்டு அலுவலகம். உற்பத்தியில் இருக்கும் கனிமப் பங்குக்கு டெக்சாஸில் சொத்துவரி உண்டு. அதனால் அந்த அலுவலகத்தின் பட்டியலில் உரிமையாளர் பெயர், முகவரி, குத்தகையின் பெயர், பல இடங்களில் ஆணையத்தின் எண், பங்கு விகிதம் எல்லாம் ஒரே வரியில் இருக்கும். பங்கு 0.00390625, வகை ராயல்டி என்று போட்டிருந்தால் அதைப் பின்னமாக்கிப் பார்க்க வேண்டும்: 1/256. பழைய குத்தகைகளில் ராயல்டி வழக்கமாக 1/8. ஆகவே அந்த நபருக்கு அந்த நிலத்தின் கனிமத்தில் 1/32 இருந்திருக்கலாம் என்று ஊகிக்க முடிகிறது. குடும்பத்தில் பாகம் பிரிந்த விதத்தோடு அது ஒத்துப்போனால் சரியான வரியைப் பிடித்துவிட்டோம். என் பார்வையில் தேடலை இங்கே தொடங்குவதே நல்லது. உற்பத்தி இல்லாத நிலமாக இருந்தால் மட்டும் இந்தப் பட்டியல் உதவாது.

2. பழைய காகிதங்கள். காசோலையோடு வரும் கிழிதாள், எண்ணெய் வாங்கும் நிறுவனம் அனுப்பிய பங்கு உறுதிப் படிவம், வருமான வரிக்கான ராயல்டி அறிக்கை, சொத்துவரி நோட்டீஸ். இவற்றில் ஒன்று கிடைத்தாலும் குத்தகையின் பெயர் கிடைத்துவிடும். பெட்டியைக் கழிப்பதற்கு முன் ஒவ்வொரு காகிதத்தையும் புரட்டிப் பார்க்க வேண்டும்.

3. கவுன்ட்டி கிளார்க்கின் பத்திரப் பதிவேடு. இங்கே நம் ஊர் வில்லங்கச் சான்று மாதிரி, சர்வே எண் கொடுத்தால் நிலத்தின் வரலாற்றை எடுத்துத் தரும் அரசு ஏற்பாடு இல்லை. எழுதிக் கொடுத்தவர் பெயரில் ஓர் அட்டவணை, எழுதி வாங்கியவர் பெயரில் ஓர் அட்டவணை. தாத்தா வாங்கிய பத்திரத்தைப் பிடித்து, அவர் விற்றவற்றில் எதைத் தனக்கு வைத்துக்கொண்டார் என்று ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். நில விவரம் சர்வேயின் (முதலில் அளந்து கொடுத்த நிலப்பகுதியின்) பெயராலும், அதற்கு மாநிலம் தந்த அப்ஸ்ட்ராக்ட் எண்ணாலும் இருக்கும். பழைய பத்திரங்களில் நீளம் வாரா என்ற ஸ்பானிய அளவில் வரும். ஒரு வாரா 33 1/3 அங்குலம்.

4. ஆணையத்தின் இணைய வரைபடம். அப்ஸ்ட்ராக்ட் எண் தெரிந்ததும், அந்த சர்வேயின் எல்லைக்குள் எந்தக் கிணறுகள் இருக்கின்றன என்று இதில் பார்க்கலாம். கிணற்றைத் தொட்டால் ஏபிஐ எண் வரும், அதிலிருந்து குத்தகை எண்ணுக்குப் போகலாம். கிடைமட்டக் கிணறுகளில் மேலே தெரியும் புள்ளியை நம்பக் கூடாது. துளை தரைக்கடியில் மைல் கணக்கில் ஓடுகிறது. கிணற்றின் வாய் வேறொருவர் நிலத்தில் இருக்கும், அதன் கோடு நம் நிலத்தின் அடியில் போகும். வரைபடத்தில் அந்தக் கோட்டைப் பின்தொடர வேண்டும்.

குத்தகையின் பெயரை மட்டும் வைத்துத் தேடுவது ஆபத்தானது. கவுன்ட்டி முழுக்க ஸ்மித் குத்தகைகள் இருக்கும். எண் கிடைத்த பிறகும், ஏபிஐ, சர்வே, ஏக்கர் மூன்றும் பத்திரத்தோடு பொருந்துகின்றனவா என்று சரிபார்த்துக்கொள்ள வேண்டும்.

## உற்பத்தி வரியைப் படிப்பது

எண்ணெய் பீப்பாய்க் கணக்கில் வரும். ஒரு பீப்பாய் 42 அமெரிக்க கேலன், ஏறக்குறைய 159 லிட்டர். எரிவாயு ஆயிரம் கன அடிக் கணக்கில் வரும். எண்ணெய்க் கிணற்றோடு சேர்ந்து வரும் எரிவாயுவுக்கும், எரிவாயுக் கிணற்றில் கிடைக்கும் இலேசான திரவத்துக்கும் தனிப் பத்திகள் உண்டு. அவற்றை விட்டுவிட்டால் கணக்கு குறையும்.

உற்பத்தி, வெளியேற்றம் என்று இரண்டு எண்கள் அருகருகே இருக்கும். மார்ச்சில் 900 பீப்பாய் எடுத்தார்கள், வெளியேற்றியது 720 என்றால் மீதி 180 குத்தகைத் தொட்டியில் கிடக்கிறது. ராயல்டி வருவது விற்ற எண்ணெய்க்கு. ஏப்ரலில் உற்பத்தி 850, வெளியேற்றம் 1,010 என்று வந்தால் மார்ச் மிச்சம் அதில் சேர்ந்துவிட்டது. மாத உற்பத்தியையும் காசோலையையும் நேருக்கு நேர் வைத்து "ஏமாற்றிவிட்டார்கள்" என்று கொதிப்பவர்கள் முதலில் இந்த வெளியேற்றப் பத்தியைப் பார்க்க வேண்டும். எரிவாயுவில் இன்னும் சில வழிகள்: குத்தகை இடத்திலேயே எரிபொருளாகப் பயன்படுத்தியது, எரித்துவிட்டது, குழாயில் போனது, பதனிடும் ஆலைக்குப் போனது என்று பிரித்துக் காட்டியிருப்பார்கள். நிறைய எரித்திருந்தால் அதற்கு நமக்கு என்ன கிடைக்கும் என்பது குத்தகை ஒப்பந்தத்தின் வாசகத்தைப் பொறுத்தது.

பூஜ்யம் என்று வந்த மாதமும், அறிக்கையே வராத மாதமும் ஒன்றல்ல. முதலாவதில் உற்பத்தி இல்லை என்று நிறுவனமே சொல்கிறது. இரண்டாவதில் அது எதுவும் சொல்லவில்லை. அண்மை மாதங்களின் எண்கள் தாமதத்தாலும் திருத்தத்தாலும் மாறக்கூடும் என்பதால் கடைசி இரண்டு மூன்று மாதங்களை வைத்து முடிவுக்கு வர வேண்டாம்.

விலைக்கு வேறிடம் போக வேண்டும். மாநிலத்தின் வரி, நிதி அதிகாரியான டெக்சாஸ் கம்ப்ட்ரோலர் எண்ணெயின் சந்தை மதிப்பில் 4.6 சதவீதமும், எரிவாயுவின் மதிப்பில் 7.5 சதவீதமும் உற்பத்தி வரியாக வசூலிக்கிறார். ஒரு குத்தகைக்கு எந்த அளவுக்கும் மதிப்புக்கும் வரி அறிக்கை தாக்கலானது என்பதை அந்த அலுவலகத்தின் பொதுத் தேடலில் பார்க்கலாம். ஆணையத்திடம் சொன்ன அளவு, வரித்துறையிடம் சொன்ன அளவு, காசோலைக் கிழிதாளில் உள்ள அளவு என மூன்றையும் ஒரே தாளில் பக்கத்தில் பக்கத்தில் எழுதினால் பெரிய பிழைகள் கண்ணில் படும்.

## மொத்தத்திலிருந்து நம் பங்குக்கு

ஒரு கற்பனைக் கணக்கு. பாட்டிக்கு 160 ஏக்கரின் கனிமத்தில் பாதி இருந்தது, அதாவது 80 நிகர ஏக்கர். வாரிசுகள் நான்கு பேர், சம பாகம். ஆளுக்கு 20. அந்த நிலம் 640 ஏக்கர் கொண்ட கூட்டுப் பகுதியில் இணைக்கப்பட்டிருக்கிறது. குத்தகையில் ராயல்டி 1/5.

20-ஐ 640-ஆல் வகுத்து 0.20-ஆல் பெருக்கினால் 0.00625. இதுவே ஒரு வாரிசின் பங்கு விகிதம். ஒரு மாதம் 12,000 பீப்பாய் விற்று, விலை 70 டாலர் என்றால் மொத்தம் 8,40,000 டாலர். அதில் 0.00625 என்பது 5,250 டாலர். உற்பத்தி வரி 4.6 சதவீதம், 241.50 டாலர் கழிந்தால் 5,008.50. குத்தகை அனுமதித்தால் போக்குவரத்து, பதனிடும் செலவுகளும் கழியும்.

இந்தக் கணக்கில் வாரிசுகள் வழக்கமாகத் தவறுவது வகுக்கும் எண்ணில். தாத்தா நிலம் 160 ஏக்கர் என்பதால் 160-ஆல் வகுத்துவிடுகிறார்கள், பங்கு நான்கு மடங்காகத் தெரிகிறது. கூட்டுப் பகுதி எவ்வளவு என்று கவுன்ட்டியில் பதிவான இணைப்பு ஆவணத்திலும் பி-12 படிவத்திலும் பார்க்க வேண்டும். சில புதிய கிடைமட்டக் கிணறுகள் நிலங்களை முறையாக இணைக்காமலேயே பல குத்தகைகளின் அடியில் போகின்றன. அவற்றில், துளையின் எவ்வளவு நீளம் நம் நிலத்தின் அடியில் ஓடுகிறது என்பதை வைத்துப் பங்கைப் பிரிப்பது வழக்கம். அப்போது ஏக்கர்க் கணக்கு பொருந்தாது. நிறுவனத்திடம் எழுத்தில் கணக்கைக் கேட்டு வாங்க வேண்டும்.

## கணக்கு நின்றுபோனால் அதற்கும் பொருள் உண்டு

டெக்சாஸ் குத்தகைகள் பெரும்பாலும் இப்படி எழுதப்படுகின்றன: தொடக்கக் காலம் மூன்று அல்லது ஐந்து ஆண்டு, அதன் பிறகு லாபகரமான அளவில் உற்பத்தி இருக்கும் வரை. அந்த உற்பத்தி நின்றால், யாரும் ரத்து செய்யாமலே குத்தகை முடிவுக்கு வரக்கூடும். கனிமம் வாரிசுகளின் கைக்குத் திரும்பும். 1960-களில் தாத்தா 1/8 ராயல்டிக்குக் கொடுத்த குத்தகை முடிந்துபோயிருந்தால், இன்று 1/5 அல்லது 1/4 கேட்டுப் புதிதாகப் பேசலாம். அந்தக் குத்தகை இன்னும் உயிரோடு இருக்கிறதா என்பதற்கு முதல் சாட்சி உற்பத்திப் பதிவே.

ஆனால் பத்து மாதப் பூஜ்யத்தைப் பார்த்தவுடன் குத்தகை செத்தது என்று சொல்லிவிட முடியாது. தற்காலிகமாக நின்றதைச் சட்டம் பொறுத்துக்கொள்ளும். மூடிவைத்த எரிவாயுக் கிணற்றுக்கு ஆண்டுத் தொகை கட்டிக் குத்தகையைக் காப்பாற்றும் ஷரத்து இருக்கலாம். குறிப்பிட்ட நாட்களுக்குள் மறுபடி வேலை தொடங்கினால் போதும் என்றும் இருக்கலாம். லாபகரமான அளவு எது என்பதற்கு டெக்சாஸ் உச்ச நீதிமன்றம் 1959-இல் கிளிஃப்டன் எதிர் கூன்ட்ஸ் வழக்கில் இரண்டு கேள்வி வைத்தது. நியாயமான ஒரு கால அளவில் வரவு நடத்தும் செலவை மிஞ்சியதா? மிஞ்சவில்லை என்றால், விவேகமான ஓர் இயக்குநர் வெறும் ஊக வாய்ப்புக்காக அன்றி லாபத்துக்காக அந்தக் கிணற்றைத் தொடர்ந்து ஓட்டியிருப்பாரா? மாதக் கணக்கை வரிசையாக எடுத்து வழக்கறிஞர் முன் வைத்தால் பேச்சு இந்தக் கேள்விகளிலிருந்து தொடங்கும்.

## வந்த பணம் எங்கே?

கிணறு ஓடியிருக்கிறது, பங்கும் தெரிகிறது, காசோலை மட்டும் வந்ததில்லை. மூன்று இடங்களில் தேட வேண்டும்.

முதலாவது, நிறுவனத்தின் நிறுத்திவைப்புக் கணக்கு. உரிமையாளர் இறந்துவிட்டார், முகவரி தப்பு, உரிமையில் தகராறு என்றால் பணத்தை அனுப்பாமல் வைத்திருப்பார்கள். டெக்சாஸ் சட்டப்படி முதல் விற்பனை நடந்த மாத முடிவிலிருந்து 120 நாளுக்குள் முதல் பணம் தர வேண்டும். அதன்பின் எண்ணெய்க்கு, விற்ற மாத முடிவிலிருந்து 60 நாள், எரிவாயுவுக்கு 90 நாள். தாமதத்துக்கு வட்டி உண்டு. உரிமைத் தகராறு போன்ற காரணங்களால் நிறுத்தினால் வட்டி இல்லை.

இரண்டாவது, மாநிலத்தின் உரிமை கோரப்படாத சொத்துப் பிரிவு. டெக்சாஸில் அதைக் கம்ப்ட்ரோலர் அலுவலகம் நடத்துகிறது, உரிமை கோரக் காலக்கெடு இல்லை. நிறுவனங்கள் இந்தப் பணத்தை உரிமையாளரின் கடைசி முகவரி எந்த மாநிலத்தில் இருந்ததோ அங்கே அனுப்புவது வழக்கம். பாட்டி கலிஃபோர்னியாவில் இறந்திருந்தால் டெக்சாஸ் கிணற்றின் பணம் கலிஃபோர்னியா அரசிடம் கிடக்கலாம். பாட்டி வாழ்ந்த ஒவ்வொரு மாநிலத்திலும், பெயரின் எல்லா எழுத்துப் பிழைகளோடும் தேட வேண்டும்.

மூன்றாவது இடத்தைப் பெரும்பாலானோர் நினைப்பதே இல்லை. கண்டுபிடிக்க முடியாத உரிமையாளரின் கனிமத்தைக் குத்தகைக்கு விட, டெக்சாஸ் நீதிமன்றம் ஒரு பொறுப்பாளரை நியமிக்க முடியும். அந்தப் பணம் நீதிமன்றக் கணக்கில் சேரும். கவுன்ட்டியின் வழக்குப் பதிவில் முன்னோர் பெயர் பிரதிவாதியாக இருக்கிறதா என்று பார்ப்பது பலன் தரும்.

இங்கே நேரம் முக்கியம். கொடுபடாத ராயல்டிக்காக வழக்குத் தொடர டெக்சாஸில் பொதுவாக நான்கு ஆண்டுதான். உற்பத்திக் கணக்கு பொதுப் பதிவாக இருப்பதால், "எனக்குத் தெரியாது" என்பதை நீதிமன்றம் எளிதில் ஏற்காது.

## வாரிசு என்று காட்டுவது

வட்டாட்சியர் தரும் வாரிசுச் சான்றிதழுக்கு இணையான அரசு அலுவலகச் சான்று டெக்சாஸில் இல்லை. உயில் இருந்தால் புரொபேட், அதாவது உயிலை நீதிமன்றத்தில் மெய்ப்பித்து ஏற்கவைப்பது. வேறு மாநிலத்தில் புரொபேட் ஆன உயிலின் சான்றிட்ட நகலை, கனிமம் உள்ள டெக்சாஸ் கவுன்ட்டியிலும் பதிய வேண்டும். இறந்து நான்கு ஆண்டு கடந்தால் உயிலை ஏற்கவைப்பது கடினம். உயில் இல்லாவிட்டால், குடும்பத்தை அறிந்த, சொத்தில் ஆதாயம் இல்லாத இருவரின் சாட்சியத்தோடு வாரிசுரிமை உறுதிமொழிப் பத்திரம் எழுதிப் பதிவது வழக்கம். ஐந்து ஆண்டு பதிவில் இருந்தால் அதிலுள்ள குடும்ப விவரங்களை நீதிமன்றம் முதல்நிலைச் சான்றாக எடுத்துக்கொள்ளும். எண்ணெய் நிறுவனங்கள் பல அதற்கு முன்பே ஏற்றுக்கொள்கின்றன, சில ஏற்பதில்லை.

இறந்த நாளையொட்டிய உற்பத்திக் கணக்கை அச்செடுத்து வைத்துக்கொள்வது வரிக்கும் உதவும். வாரிசாக வந்த சொத்தின் அடக்கவிலை, அமெரிக்க வருமான வரியில், இறந்த நாளின் சந்தை மதிப்பு. பின்னால் விற்கும்போது லாபம் அந்த மதிப்பிலிருந்து கணக்கிடப்படும்.

## கடிதத்தின் விலையை எடைபோடுவது

இனி அந்தக் கடிதத்தை எடுக்கலாம். முதலில் டபிள்யூ-1 அனுமதிகளைத் தேட வேண்டும். நம் நிலத்தையோ அதைச் சேர்த்த கூட்டுப் பகுதியையோ தொட்டு அண்மையில் அனுமதி வாங்கியிருந்தால் கடிதம் ஏன் இப்போது வந்தது என்பது விளங்கிவிடும். இன்றைய உற்பத்தி சொற்பம் என்று மலிவாக விலை வைப்பார்கள். வாங்குவதோ நாளை வரப்போகும் கிணறுகளை.

எதிர்ப்பக்கமும் உண்டு. பெர்மியன், ஈகிள் ஃபோர்டு போன்ற டெக்சாஸ் எண்ணெய்ப் பகுதிகளின் பாறையில் நீரழுத்தத்தால் பிளந்து எடுக்கும் கிணறுகள் முதல் சில மாதங்களில் கொட்டும், முதல் ஆண்டிலேயே பாதிக்கும் மேல் சரிவது சாதாரணம். முதல் மூன்று மாதக் காசோலைகளின் சராசரியை 120-ஆல் பெருக்கி "பத்து வருடத்துக்கு இவ்வளவு" என்று கணக்குப் போட்டு, நல்ல விலையை மறுத்தவர்களும் நஷ்டப்படுகிறார்கள். பக்கத்துக் குத்தகைகளில் இதே வகைக் கிணறுகள் இரண்டாம், மூன்றாம் ஆண்டில் என்ன தந்தன என்று அதே பொதுப் பதிவில் பார்த்தால் சரிவின் வடிவம் தெரிந்துவிடும்.

சிலருக்குக் கனவு வேறு வகையில் வருகிறது. 1901 ஜனவரி 10-இல் போமான்ட் அருகே ஸ்பிண்டில்டாப்பில் எண்ணெய் பீறிட்ட நிலத்துக்கு, பழைய நிலக்கொடை பெற்ற பெல்ஹாம் ஹம்ப்ரீஸின் வாரிசுகள் என்று சொல்லிக்கொண்டு பல தலைமுறையாகப் பலர் வழக்குப் போட்டார்கள். நீதிமன்றங்கள் தொடர்ந்து தள்ளுபடி செய்தன. வாரிசுப் பட்டியலில் சேர்க்கப் பணம் கேட்கும் எவருக்கும் கொடுக்க வேண்டாம்.

கடைசியாக, கடிதத்தோடு வந்த பத்திரம். கனிமத்தை விற்கும் பத்திரத்தைக் குத்தகைப் பத்திரம் என்று எண்ணிக் கையெழுத்திட்டவர்கள் இருந்தார்கள். அதனால் இப்படி அனுப்பும் விற்பனைப் பத்திரத்தில் "இது எண்ணெய் எரிவாயுக் குத்தகை அல்ல, உங்கள் உரிமையை விற்கிறீர்கள்" என்ற பொருளில் கண்ணில் படும்படி ஓர் அறிவிப்பு இருக்க வேண்டும் என்று டெக்சாஸ் சட்டம் சொல்கிறது. அந்த வரியைத் தேட வேண்டும். அடுத்து நில விவரத்தின் இறுதி வாக்கியம். மேலே சொன்ன நிலத்தோடு, இந்தக் கவுன்ட்டியில் விற்பவருக்கு உள்ள வேறெந்தக் கனிம உரிமையும் சேரும் என்று பல பத்திரங்களில் ஓர் ஒட்டு இருக்கும். ஒரு குத்தகையின் பங்குக்கு விலை வாங்கிக்கொண்டு, தேடிப் பார்க்காத மற்ற எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்ததாக ஆகிவிடும். விற்பதென்றே முடிவு செய்தாலும், அந்த வாக்கியத்தை எடுத்துவிட்டு, சர்வே பெயரும் அப்ஸ்ட்ராக்ட் எண்ணும் குறிப்பிட்டுப் புதிதாகப் பத்திரம் எழுதி அனுப்பச் சொல்ல வேண்டும்.